உங்களுக்குத் தெரியுமா? தொண்டையில் வெள்ளை, கழுத்தில் நெறி

உங்களிடமும் இருக்கும்

எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அது உங்கள் உடம்பில் குடியிருக்க வாய்ப்பு மிக அதிகம். உலகில் வயது வந்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் அது தொற்றியிருக்கிறது. ஒருமுறை நுழைந்தால் ஆயுளுக்கும் வெளியேறாது. ரத்தத்தின் பி வகை வெள்ளணுக்களுக்குள் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும். அவ்வப்போது எச்சிலில் தலைகாட்டும். முதன்முறை நுழையும்போது சிலருக்கு அது கொடுக்கிற காய்ச்சல்தான் இன்ஃபெக்‌ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ். டாக்டர்கள் சுருக்கமாக 'மோனோ' என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அண்ணாந்து குடிக்கிற ஊரில் எப்படி வந்தது?

மதுரைப் பக்கம் செம்பை வாய் வைத்துக் குடித்தால் இன்னும் திட்டு விழும். ஒருவர் கடித்ததை இன்னொருவர் தொடமாட்டார். இந்தச் சட்டமெல்லாம் கைக்குழந்தை முன்னால் செல்லாது. அப்பத்தா தன் நாக்கில் வைத்துச் சூடு பார்த்த பருப்புச்சோறு, அம்மாச்சியின் முத்தம், அண்ணன் சப்பிவிட்டுக் கொடுத்த மிட்டாய், கீழே விழுந்ததும் அம்மா வாயில் வைத்துச் சுத்தம் செய்து கொடுக்கும் ரப்பர் நிப்பிள் என்று வழிகள் ஏராளம். வளரும் நாடுகளில் பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே இந்த வைரஸை வாங்கிவிடுகின்றன. அந்த வயதில் அது ஒன்றும் செய்வதில்லை. செய்தாலும் இரண்டு நாள் சளி, லேசான காய்ச்சல், அவ்வளவுதான். அப்புறம் மோனோ வராது.

பதினைந்து, இருபது வயதுவரை தப்பித்துப் போனவருக்குத்தான் சிக்கல். அந்த வயதில் முதன்முறை தொற்றினால் மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் மோனோவாக வெளிப்படும். அமெரிக்கா, ஐரோப்பாக் கல்லூரி விடுதிகளில் இது சர்வசாதாரணம். 'முத்த நோய்' என்று கிண்டல் பெயரே உண்டு. நம் ஊரில் அபூர்வமாகத் தெரிவதற்குக் காரணம் நம் சுத்தம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்பத்தாக்கள் முந்திக்கொண்டதுதான் காரணம். ஒற்றைப் பிள்ளை, தனிக்குடித்தனம், தனித்தனி டம்ளர் என்று வீடுகள் மாற மாற, கல்லூரி வயதில் வரும் மோனோவை நம் டாக்டர்களும் இனி அதிகம் பார்க்க வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஆள் பார்க்க எப்படி இருப்பார்?

தொற்றி 4 முதல் 6 வாரம் எதுவும் தெரியாது. பிறகு உடம்பு அலுப்பு, காய்ச்சல், எச்சில் முழுங்க முடியாத தொண்டை வலி. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் டான்சில் இரண்டும் வீங்கி, மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும். மேலண்ணத்தில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். கழுத்தில், முக்கியமாகப் பிடரிப் பக்கம், இரண்டு புறமும் நெறி கட்டியிருக்கும், தொட்டால் வலிக்கும். சிலருக்கு மேல் இமை அழுது முடித்ததுபோல உப்பியிருக்கும். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கும்.

சாதாரண தொண்டைப் புண்ணில் நெறி முன்கழுத்தில், தாடைக்குக் கீழே கட்டும். பிடரியிலும் கட்டியிருந்தால் டாக்டரின் விரல் ஒரு கணம் அங்கே நிற்க வேண்டும்.

மூடுபனி செய்த உபகாரம்

1889-ல் எமில் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதைச் சுரப்பிக் காய்ச்சல் என்று எழுதினார். இப்போதுள்ள நீளப் பெயர் 1920-ல் அமெரிக்காவின் ஸ்ப்ரன்ட், எவன்ஸ் இருவரும் வைத்தது. காரணம் எதுவென்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

வைரஸ் கிடைத்தது முற்றிலும் வேறு தேடலில். உகாண்டாக் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுக்கட்டியைப் பற்றி டெனிஸ் பர்கிட் லண்டனில் பேசியதை 1961-ல் கேட்ட ஆன்டனி எப்ஸ்டீன், அதற்குள் வைரஸ் இருக்குமென்று சந்தேகப்பட்டார். கட்டித் துண்டுகள் விமானத்தில் வர ஆரம்பித்தன. இரண்டு ஆண்டு தேடியும் ஒன்றுமில்லை. 1963 டிசம்பரில் லண்டனில் கடும் மூடுபனி; விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டு, பொட்டலம் தாமதமாக வந்தது. திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போயிற்று என்று கொட்டியிருக்கலாம். எப்ஸ்டீன் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஆட்டத்தில் குலுங்கிக் கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன. அவற்றை வளர்த்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வைரஸ் இருந்தது. 1964 மார்ச்சில் எப்ஸ்டீன், பர்ட் ஆச்சாங், இவான் பார் மூவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. ஆச்சாங்கின் பெயர் மட்டும் வைரஸில் ஏறவில்லை. எப்ஸ்டீன் 102 வயதுவரை வாழ்ந்து 2024-ல் காலமானார்.

மோனோவுக்கும் இதுதான் காரணம் என்று தெரிந்தது ஃபிலடெல்ஃபியாவில். வெர்னர், கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் இந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இல்லாததால், அவர் ரத்தத்தை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தி வந்தார்கள். 1967-ல் அவருக்கு மோனோ வந்தது. தேறி வேலைக்குத் திரும்பியபோது அதே ரத்தத்தில் எதிர்ப்பொருள் நிரம்பியிருந்தது.

மதுரையில் வரிசையில் ஐந்தாவது சந்தேகம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலோடு ஒரு கல்லூரிப் பையன் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வந்தால், டாக்டர் முதலில் நினைப்பது டெங்கு. நினைக்கத்தான் வேண்டும். கொசுவழி நோய்களுக்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1980-களிலிருந்து சின்ன சொக்கிகுளத்தில் ஒரு மையம் வைத்திருக்கும் ஊர் இது. தொந்தரவு என்னவென்றால், மோனோவிலும் தட்டணு குறையலாம்; டெங்குவிலும் வெள்ளணு உருமாறித் தெரியும். வித்தியாசம் நாட்களில் இருக்கிறது. டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும், தொண்டையில் வெள்ளை படியாது. மோனோக் காய்ச்சல் 10 நாள், 2 வாரம் என்று இழுக்கும்.

அடுத்தது டைபாய்டு. இங்கே என் ஆத்திரத்தைக் கொஞ்சம் காட்டிக்கொள்கிறேன். விடால் டெஸ்ட் 1896-ல் வந்தது. முன்பு எப்போதோ வந்த தொற்று, போட்ட தடுப்பூசி, வேறு காய்ச்சல் என்று எதற்கும் அது பாசிட்டிவ் காட்டக்கூடும். ஆனாலும் தெருமுனை லேபில் அந்த ஒற்றைத் தாளை வாங்கிக்கொண்டு 'எனக்கு டைபாய்டு' என்று சொல்லாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. சந்தேகமிருந்தால் ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் ரத்தக் கல்ச்சர் கேளுங்கள்.

வயல் வரப்பு, புதர்க்காடு என்று திரிகிறவர்களானால் உண்ணிக் காய்ச்சல். அதிலும் நெறி கட்டும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு இருக்கிறதா என்று உடையை விலக்கிப் பார்க்க வேண்டும்; வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. இதற்கு டாக்சிசைக்ளின் உடனே தேவை, தாமதித்தால் ஆபத்து.

கழுத்தில் கட்டி என்றதும் நம் நாட்டில் காசநோயை நினைப்பதும் சரிதான். ஆனால் காசநோய்க் கட்டி வாரக்கணக்கில் மெதுவாக, வலியில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டி வளரும். மோனோ நெறி சில நாளில் திரண்டு, வலித்து, 3, 4 வாரத்தில் வற்றத் தொடங்கும். வற்றாத கட்டிக்கு ஊசி வைத்துச் செல் எடுத்துப் பார்க்கும் டெஸ்ட் வேண்டும். அவசரப்பட்டு மோனோ நெறியை வெட்டி எடுத்து அனுப்பினால் நுண்ணோக்கியில் அது ஹாட்ஜ்கின் புற்றைப்போலவே தெரிந்து மிரட்டக்கூடும்.

தொண்டை அடைப்பானை மறக்கக் கூடாது

வெள்ளைப் படலம் டான்சிலைத் தாண்டி உள்நாக்கு, அண்ணம்வரை சாம்பல் நிறத்தில் பரவி, தொட்டால் ரத்தம் கசிந்தால் அது டிப்தீரியாவாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி. 10, 16 வயதில் பள்ளியில் போடும் டிடி ஊசியைத் தவறவிட்ட பிள்ளையா என்று கேட்காத டாக்டர் பாதிதான் கேட்டிருக்கிறார்.

நம்பிக்கை மையம்

எச்.ஐ.வி. நுழைந்த முதல் வாரங்களில் வரும் காய்ச்சல் அச்சு அசல் மோனோவைப்போலவே இருக்கக்கூடும். இந்தியாவில் எச்.ஐ.வி.யை 1986-ல் முதன்முதலில் கண்டுபிடித்ததே சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா இருவரும்தான். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம், ரகசியம். ஆரம்ப நாட்களில் நெகட்டிவ் வந்தாலும் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது.

ஒரு சொட்டு, ஒரு இழுப்பு

மோனோவைப் பிடிக்க முதலில் வேண்டியது பெரிய மெஷின் இல்லை. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் ஒரே இழுப்பு. நாக்கு வடிவில் மெல்லிய பூச்சு விழும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய் லென்ஸுக்குக் கீழே வைக்க வேண்டும். லிம்போசைட் என்ற வெள்ளணு சாதாரணமாகச் சிறிய உருண்டை. உடம்பு முழுக்கக் கருவே நிறைந்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய நீலம் தெரியும். மோனோ ரத்தத்தில் அதே லிம்போசைட் பெருத்து, நீல உடல் பரந்து, பக்கத்துச் சிவப்பணுக்களின் வளைவுக்கேற்பக் குழிந்து, அவற்றைத் தழுவிக்கொண்டு கிடக்கும். தழுவுகிற விளிம்பில் மட்டும் நீலம் அடர்ந்திருக்கும். ஒருமுறை பார்த்த லேப் டெக்னீஷியன் மறக்க மாட்டார்.

வெள்ளணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட், மொத்தத்தில் 100-க்கு 10-க்கு மேல் இப்படி உருமாறியவை என்றால் மோனோ பக்கம் தராசு சாய்கிறது. மெஷின் ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தகட்டைப் பார்க்காமல் விடுவது ரத்தப் புற்றையும் சேர்த்துத் தவறவிடும் வழி.

ஆட்டு ரத்தம்

1932-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பால், வால்ஸ் பன்னல் இருவரும் மோனோ நோயாளியின் சீரத்தை ஆட்டின் சிவப்பணுக்களோடு கலந்தபோது அவை கட்டிகட்டியாக ஒட்டின. வைரஸ் நம் பி செல்களைக் கண்டபடி கிளப்பிவிடுவதால், சம்பந்தமே இல்லாத எதிர்ப்பொருள்களும் சுரக்கின்றன. அவற்றில் சில ஆடு, குதிரை, மாடு அணுக்களைப் பிடிக்கும். பிறகு குதிரை அணுவுக்கு மாறி 'மோனோஸ்பாட்' வந்தது, சில நிமிடத்தில் விடை. முதல் வாரத்தில் செய்தால் நான்கில் ஒருவருக்குத் தப்பாக நெகட்டிவ் காட்டும்; 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் பெரும்பாலும் வேலை செய்யாது.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வைரஸின் எதிர்ப்பொருள்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வி.சி.ஏ. ஐ.ஜி.எம். இருந்து, ஈ.பி.என்.ஏ. இல்லையென்றால் இப்போதைய தொற்று. ஈ.பி.என்.ஏ. வந்துவிட்டிருந்தால் தொற்று பழையது; இன்றைய காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும். வெறும் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று பயந்து ஓடி வருகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன 90 பேரில் அவரும் ஒருவர், அவ்வளவுதான்.

கல்யாணத்தைக் குலைக்கும் ரிப்போர்ட்

சம்பந்தமில்லாத எதிர்ப்பொருள்கள் சுரக்கும் அதே குழப்பத்தில் வி.டி.ஆர்.எல். டெஸ்ட்டும் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். அது பால்வினை நோயான சிபிலிசுக்கான சோதனை. வெளிநாட்டு வேலைக்கோ நிச்சயதார்த்தத்துக்கோ முன்னால் இப்படியொரு தாள் வந்து வீடு இரண்டுபடுவதற்குள் டி.பி.எச்.ஏ. என்ற உறுதிச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

"அண்ணே, தொண்டை கட்டிக்கிச்சு"

மெடிக்கல் கடையில் நின்று, "எச்சி முழுங்க முடியலண்ணே, ஏதாச்சும் குடுங்க" என்றால், "காலைல ஒண்ணு, நைட்டு ஒண்ணு" என்று ஒரு அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுப்பார். பல நேரம் அது அமாக்சிசிலின் கலந்த மாத்திரை. மோனோ வைரஸ் நோய் என்பதால் அதற்கு ஒரு பலனும் இல்லை. பலன் இல்லாததோடு போனால் பரவாயில்லை. சில நாளில் நெஞ்சு, முதுகு, கை என்று உடம்பெல்லாம் சிவப்பாகத் திட்டுத் திட்டாகப் பொரியும். மோனோவும் அதே பென்சிலின் குடும்பத்து ஆம்பிசிலினும் சேர்ந்தால் வரும் இந்தப் பொரிப்பு 1967-லேயே மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டது. அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்தது. இப்போதைய ஆய்வுகளில் மூன்றில் ஒருவர் அளவு.

இதற்கப்புறம் நம் வீடுகளில் நடப்பதுதான் வேடிக்கை. காய்ச்சல், உடம்பில் பொரிப்பு. வேறென்ன, அம்மை போட்டிருக்கிறது. வாசலில் வேப்பிலை. மாத்திரை நிறுத்தம். இளநீர், மோர், பழைய சோறு. வெளியே போகாமல் வேப்பிலைப் படுக்கையில் ஓய்வு. வண்டியூர் மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல். மோனோவுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்க வேண்டியதும் கிட்டத்தட்ட இதுவே! தப்பான காரணத்துக்காகச் சரியான வைத்தியம் நடந்துவிடுகிறது. நிஜ அம்மையா, தட்டம்மையா, டெங்குப் பொரிப்பா என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் வேப்பிலை தீர்க்காது.

இன்னொன்று. இந்தப் பொரிப்பு பெரும்பாலும் நிஜமான பென்சிலின் அலர்ஜி கிடையாது. ஆனால் 'பென்சிலின் ஆகாது' என்று சீட்டில் எழுதிவிட்டால் அது ஆயுளுக்கும் கூட வரும். பிற்காலத்தில் அந்த மருந்து உண்மையிலேயே தேவைப்படும்போது விலை அதிகமான வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும். காய்ச்சல் முடிந்த பின் அலர்ஜி டாக்டரிடம் சோதித்துத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

ஒரே ஊசியில் நின்ற காய்ச்சல்

'கைராசிக்காரர்' என்று பெயரெடுத்த சிலரின் கைராசி ஸ்டீராய்டு ஊசி. போட்ட மறுநாள் காய்ச்சல் இறங்கும், தொண்டை திறக்கும், பையன் எழுந்து புரோட்டா கேட்பான். மோனோவில் ஸ்டீராய்டுக்கு இடம் உண்டு: டான்சில் வீங்கி மூச்சுக்குழல் அடைபடும்போது, சிவப்பணுக்களோ தட்டணுக்களோ மோசமாக அழியும்போது. மற்றபடி வேண்டாம். நாம் மோனோ என்று நினைத்தது ரத்தப் புற்றாக இருந்தால், அந்த ஊசி புற்றணுக்களையும் தற்காலிகமாகக் கரைத்து நோயை மறைத்துவிடும். கண்டுபிடிக்கும்போது காலம் கடந்திருக்கும். அசைக்ளோவிர் மாத்திரையும் எச்சிலில் வைரஸைக் குறைக்குமே தவிர, நோயாளியைச் சீக்கிரம் எழுப்பிவிடாது. தடுப்பூசி இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது.

கீழாநெல்லிக்குப் போகும் பெயர்

மோனோ வந்த பெரும்பாலோருக்கு ஈரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. சற்று ஏறும். சிலருக்குக் கண் மஞ்சளாகும். மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார்கள், மஞ்சளும் இறங்கிவிடும். கொடுக்காவிட்டாலும் இறங்கியிருக்கும். ஈரல் வாடியிருக்கும் இந்த நாட்களில் மது கூடாது. பாராசிட்டமால் 650 மாத்திரையை 24 மணி நேரத்துக்குள் 4-க்கு மேல் போடக் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது.

அலங்காநல்லூர் போகிறவருக்கு

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே விரல் நுனியை வைத்து, "மூச்ச நல்லா இழுங்க" என்று டாக்டர் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். மூச்சு இழுக்கும்போது வீங்கிய மண்ணீரல் கீழே இறங்கி வந்து விரலில் முட்டும். மெதுவாகத்தான் அழுத்த வேண்டும். மோனோவில் மண்ணீரல் தளர்ந்து வீங்கியிருப்பதால், ஆயிரத்தில் 1 முதல் 5 பேருக்கு அது வெடித்துவிடலாம். பெரும்பாலும் முதல் 3, 4 வாரத்துக்குள், பெரும்பாலும் இளைஞர்களுக்கு. அடிபடாமலேயே வெடித்ததும் உண்டு.

ஆகவே தையில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல் முன் நிற்கப் பேர் கொடுத்திருக்கும் தம்பிக்கு மார்கழியில் மோனோ வந்தால் அந்த வருஷம் கேலரியில் உட்கார வேண்டியதுதான். காளையின் கொம்பு தேவையில்லை. பக்கத்து ஆளின் முழங்கை போதும். ஜிம்மில் பளு தூக்குவது, நெல் மூட்டை சுமப்பது எல்லாம் குறைந்தது 3 வாரம் நிறுத்தம். கபடி, மல்யுத்தம் போன்ற மோதல் விளையாட்டுக்கு 4 வாரம். மலச்சிக்கலில் முக்குவதைக்கூடத் தவிர்க்கச் சொல்கிறார்கள். காய்ச்சல் விட்டு, உடம்பு தெம்பாகி, 'நல்லாத்தானே இருக்கேன்' என்று பையன் சொல்லும் வாரம்தான் அதிகக் கண்காணிப்பு தேவைப்படும் வாரம்.

திடீரென்று இடது மேல்வயிற்றில் வலி, கூடவே இடது தோள்பட்டையில் வலி என்றால் ஆம்புலன்ஸ் 108. தோளில் அடியே படவில்லையே என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

என்ன சாப்பிடலாம்?

தொண்டை வலி முதல் வாரத்தில்தான் உச்சம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பு. மிளகு ரசம் நல்லதுதான் என்றாலும் புண்ணில் காரம் எரியும். கஞ்சி, மோர்ச்சாதம், பாலில் ஊறவைத்த இட்லி, இளநீர் இறங்கும். குளிர்ந்தது ஆகாது என்பதில்லை. குளிர்ச்சி வலியைக் குறைக்கிறது. விளக்குத்தூண் ஜிகர்தண்டாவை மருந்துச் சீட்டில் எழுதச் சொன்னால் டாக்டர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனால் தடுக்கவும் அவர்களிடம் காரணம் இல்லை. தண்ணீர்கூட இறங்காத நிலை, எச்சில் வழிவது, மூச்சில் கரகரப்புச் சத்தம் இருந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

சோம்பேறி என்று திட்டாதீர்கள்

காய்ச்சல் போனபின் அசதி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். பத்தில் ஒருவருக்கு 6 மாதம் கழித்தும் முழுத் தெம்பு வருவதில்லை. பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு ஜனவரியில் மோனோ வந்தால் மார்ச் பொதுத்தேர்வுக்கு இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்கப் படுக்கையும் வேண்டாம். முடிந்த அளவு நடமாடலாம்.

யார் கொடுத்தது?

விசாரித்துப் பயனில்லை. தேறியவரின் எச்சிலில் மாதக்கணக்கில் வைரஸ் வரும், அதன்பின்னும் விட்டுவிட்டு வரும். உங்களுக்குக் கொடுத்தவர் ஒரு மாதத்துக்கு முன் சந்தித்த, காய்ச்சல் என்றால் என்னவென்றே தெரியாமல் இருந்த யாரோ ஒருவர். அதனால் நோயாளியைத் தனி அறையில் அடைப்பதற்கும் அர்த்தமில்லை. டம்ளர், ஸ்பூன், டூத் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். ரத்ததானத்தை முழுதாகத் தேறிய பிறகு, ரத்த வங்கி டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் செய்யலாம்.